கற்பூரம் சாய்ந்த பக்கம்

பங்குனி பிறந்ததிலிருந்து செங்கோட்டையன் வீட்டு வாசலில் ஜீப் மூக்கில்லாமல் நின்றது. முன்பக்கத்துக் கிரில்லைக் கழற்றி வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தான். பக்கத்தில் பம்பர் கிடந்தது, அதன்மேல் கோழி ஒன்று ஏறி நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டோரத்தில் வீடு. போகிற வருகிற போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் எல்லாரும் அவனுக்குத் தெரிந்தவர்கள். ஆளாளுக்கு ஆரனை அடித்து, "என்னங்ணா, பல்லுப் புடுங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எருமையைக் கறந்துவிட்டு வந்த சௌந்திரம் பால் போசியை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள இதுக்கு மூஞ்சி வந்துருமுங்களா?"

"வந்துரும் புள்ள."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்கொ."

செங்கோட்டையன் வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தான். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் அப்பியிருந்த தறிப்பஞ்சை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நீவி எடுத்துக்கொண்டிருந்தான். சுற்று வட்டாரம் முழுக்க விசைத்தறி. காற்றில் பறக்கிற பஞ்சு எல்லா வண்டியின் ரேடியேட்டரிலும் கொஞ்சம் போய் உட்கார்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தனப்பிரியாவுக்குக் கட்டுச்சோறு. ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு ஆக்கிக் கொண்டுபோய், மகளுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் பரிமாறி, கையோடு மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிவருவது வழக்கம். நல்ல நேரம் தாண்டுவதற்குள் சோறு போய்ச் சேர வேண்டும். தனப்பிரியாவைக் கட்டிக் கொடுத்திருப்பதோ கொல்லிமலையின் உச்சியில், மிளகுத் தோட்டத்துக்காரர் வீட்டில். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது வளைவு ஏறியாக வேண்டும்.

அந்த எழுபது வளைவுதான் வினை. தை மாதம் பொங்கல் சீர் கொண்டுபோகும்போது பாதி மலையில் ஜீப் கொதித்துவிட்டது. பின்கதவு வழியாகக் கரும்புத் தோகை நீட்டிக்கொண்டிருக்க, முன்னால் பானட்டிலிருந்து ஆவி பொங்க, அந்தக் கோலத்தில் வண்டி நின்றது. மேலேயிருந்து சம்பந்தி சின்னுசாமி தன்னுடைய புதுக் காரில் இறங்கி வந்தார். இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, ஊடு வந்து பொங்கலாம்னு பானை கழுவி வெச்சிருந்தமுங்க. நீங்க வழியிலயே பொங்கிப் போட்டீங்களே!"

நல்ல மனிதர்தான். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வேடிக்கையை அவர் மலையிலும் சொன்னார், மாசியில் ஒரு கல்யாணத்திலும் சொன்னார். கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்றைக்கே சௌந்திரம் சொல்லிவிட்டாள்:

"கட்டுச்சோத்துக்குப் போறப்ப இது கொதிச்சுதுன்னு வெச்சுக்குங்க, மக்யா நாளே வித்துப்போடோணும். கொமாரபாளயத்துல ஒரு தறிக்காரரு கேட்டுக்கிட்டே இருக்கறாரு. நான் வாயால சொல்லிப்போட்டேன், அவ்வளவுதான்."

அவள் வாயால் சொன்னால் சொன்னதுதான். செங்கோட்டையனுக்கு அது தெரியும். ராய்ப்பூர்ப் பக்கம் போர் போடுகிற ரிக் வண்டியோடு திரிந்த காலத்தில் மகள் வளர்ந்ததைப் போனில் குரலாகத்தான் கேட்டான். ஊரோடு வந்து சேர்ந்து ரிக் கம்ப்ரஸர்களுக்குப் பட்டறை போட்ட பிறகு முதலில் வாங்கியது இந்த ஜீப்தான். தனப்பிரியாவைக் காலேஜில் கொண்டுபோய் விட்டது, பரீட்சை அன்று மழையில் அழைத்து வந்தது, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியது எல்லாம் இதில்தான். அதே வண்டியில் அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும் என்று ஆசை. ஆசையை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

வண்டியில் டர்போ உண்டு, இன்டர்கூலர் கிடையாது. சங்ககிரியில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் தேடி, ஒன்று வாங்கி வந்தான். பால் போசியை இறக்கி வைத்துவிட்டுச் சௌந்திரம் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இதென்னுங்க, இன்னொரு ரேடியேட்டரா?"

"அது தண்ணிக்கு. இது காத்துக்கு."

"காத்துக்கெதுக்குங்க?"

"சைக்கிளுக்குக் காத்தடிக்கறப்ப பம்போட அடியத் தொட்டுப் பாத்திருக்கயா? சுடுமில்ல? அமுக்குனாக் காத்து சூடாயிரும். நம்ம டர்போ அதத்தான் பண்ணுது, அமுக்கி அமுக்கி எஞ்சினுக்குள்ள உடுது. சூட்டுக் காத்துல தெம்பு இல்ல. அதான் மேட்டுல மூச்சு வாங்குது, நானும் கியரைக் கொறச்சு உறும உறும ஏத்தறேன், கொதிச்சுப்போவுது. இதுக்குள்ள உட்டு ஆறவெச்சு அனுப்புனா நெம்ப லேசா இழுக்கும்."

"செரி. ஆறவெச்ச சூடு எங்க போவும்?"

"பின்னால போவும்."

"பின்னால என்ன இருக்குது?"

செங்கோட்டையன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னான். "ரேடியேட்டரு."

"அப்ப, கொதிக்கற பானைக்கு முன்னால இன்னொரு அடுப்பைப் பத்த வெக்கறீங்கொ."

போசியைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவன் அங்கேயே நின்றான். அவள் கேட்ட அந்த ஒரு கேள்விதான் அடுத்த பத்து நாள் வேலை முழுவதும்.

வேலுமணி உதவிக்கு வந்தான். ராய்ப்பூரில் ஒரே ரிக்கில் ஒன்றாக இருந்தவன். இப்போது திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வைக்கிறான். இருவரும் பொறுமையாகச் செய்தார்கள். ரேடியேட்டரை முழுக்க மறைக்காத அளவில் இன்டர்கூலரைக் கீழ்ப் பாதியில் நிறுத்தினார்கள். ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டார்கள். ஓரங்களைத் தகரம் வெட்டி அடைத்து, தகரத்தின் விளிம்புக்குக் காரின் கதவு ரப்பரை மாட்டினார்கள்.

"காத்து மாதிரி சோம்பேறி கெடையாதுங்ணா" என்றான் வேலுமணி. "ஒரு சந்து கெடச்சாப் போதும், ரேடியேட்டருக்குள்ள நொழையாம சுத்திக்கிட்டு ஓடிப்போயிரும்."

"உன்னாட்டவே."

"நானெங்கீங்ணா ஓடறேன்? பத்து நாளா உங்க ஊட்டுச் சோத்துக்கு இங்கியே கெடக்கறேன்."

"அதைச் சொல்லு. அரிசிம்பருப்பு ஆக்குன அன்னிக்கெல்லாம் கரெக்டா வந்தர்றே."

கடைசியாக, எதற்கும் இருக்கட்டும் என்று இன்டர்கூலருக்கு முன்னால் பேட்டரியில் ஓடுகிற விசிறி ஒன்றை வைத்து, டாஷ்போர்டில் அதற்குச் சுவிட்ச் போட்டார்கள். சமதளத்தில் ஓடுகிற வேகத்துக்குக் காற்று தானாக வரும், அப்போது விசிறி வேண்டாம். மலையில் ஊர்ந்து ஏறும்போது மட்டும் தட்டிக்கொள்ளலாம். எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சைப் போட்டு, செங்கோட்டையன் வண்டிக்கு முன்னால் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். சூடான காற்று கையில் வந்து மோதியது. வேலுமணியும் கையை நீட்டிப் பார்த்தான். இரண்டு பேருக்கும் திருப்தி. ரிக் கம்ப்ரஸரில் அப்படித்தான் பார்ப்பார்கள். காட்டில் ஒரே இடத்தில் நின்று நாள் முழுவதும் உறுமுகிற கம்ப்ரஸருக்கு விசிறி சூட்டை வெளியே தள்ளும். கூலருக்கு முன்னால் கை வைத்தால் அனல் அடிக்க வேண்டும். அடித்தால் வண்டி சுகம்.

"உடுதுங்ணா, நல்லா உடுது" என்றான் வேலுமணி.

வெள்ளிக்கிழமை மூக்கை மாட்டி நாமக்கல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். சௌந்திரமும் வந்தாள். லாரியை முந்தும்போது ஜீப் முன்பு போல முனகவில்லை. சட்டென்று எழும்பிப் போயிற்று. சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டவில்லை.

"பரவால்லீங்க. எளவட்டமாட்டப் போவுது."

"யாரு, வண்டியா?"

"பின்ன உங்களயா சொல்றேன்?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதோரம் சிரிப்பது தெரிந்தது.

அன்று சாயங்காலமே திருச்செங்கோட்டு மலைக்கு ஏற்றினார்கள். மேடு தொடங்கியதும் செங்கோட்டையன் விசிறிச் சுவிட்சைத் தட்டினான். கொஞ்ச தூரத்திலேயே முள் பாதியைத் தாண்டியது. இன்னும் ஒரு திருப்பம், முக்கால். வண்டியைப் பாறை ஓரமாக நிறுத்த, குரங்கு ஒன்று பானட் மேல் குதித்தது. குதித்த வேகத்திலேயே கத்திக்கொண்டு இறங்கி ஓடியது.

"கொரங்குக்கே தாங்கல" என்றாள் சௌந்திரம். விற்கிற பேச்சை எடுக்கவில்லை. அவள் சொல்லாமல் விட்டதுதான் அவனுக்கு உறைத்தது.

சனிக்கிழமை ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள். அடைப்பு ஒன்றும் இல்லை. மறுபடி மலையேற்றினார்கள். மறுபடி முள் ஏறியது. "விசிறி போட்டுமே இப்படீன்னா, போடாட்டி என்னாவும்?" என்று வேலுமணி பயந்தான். செங்கோட்டையனுக்குத் தன் கைமீதே சந்தேகம் வந்தது. இத்தனை வருடம் எத்தனை கம்ப்ரஸரைக் குளிரவைத்திருக்கிறோம், ஒரு ஜீப்பைக் குளிரவைக்கத் தெரியவில்லையே என்று திண்டாடினான்.

பொழுது சாயும்போது சம்பந்தி போன் செய்தார். சௌந்திரம் பேசிவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாப்ளைய அவங்க காரை எடுத்துக்கிட்டு வரச் சொல்றாருங்க. சோத்தையும் நம்மளையும் ஒண்ணா ஏத்திக்கலாமாம்."

"நீ என்ன சொன்னே?"

"காலைல சொல்றமுங்கன்னேன்."

செங்கோட்டையன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"எனக்கும் சங்கடமாத்தானுங்க இருக்குது. ஆனா அங்க புள்ள நம்ம சோத்துக்குப் பசியோட உக்காந்திருப்பா. வழியில நின்னுபோனா ஆருக்கு வருத்தம்?"

"அதுஞ் செரிதான்" என்றான். "நான் பத்து நாளா மெனக்கெட்டதும் அவளுக்காவத்தான்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லி, அவன் புறங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் முந்தானை நுனியால் துடைத்தாள். முந்தானை பாழாயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே வாசலில் மூன்று கல் கூட்டி விறகு அடுப்பு எரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூடமாட உதவினார்கள். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள்ளு, கருவேப்பிலை, கடைசியில் மாதுளைமுத்து தூவிய தயிர்ச்சோறு. ஒவ்வொன்றையும் பித்தளைப் போசியில் அமுக்கி, வாழையிலை மூடி, வேட்டித்துணியால் வாய் கட்டினாள் சௌந்திரம். தயிர்ச்சோற்றை மட்டும் பால் அதிகமாக விட்டுப் பிசைந்தாள், மலை போய்ச் சேர்வதற்குள் இறுகிவிடக் கூடாது.

"மாப்ளைக்குப் போன் பண்ணுங்க" என்றாள். "வரச் சொல்லீருங்க."

"பூசையப் போட்டுட்டுப் பண்றேன். ஒருக்கா ஓடவிட்டுப் பாத்தர்றேன்."

எஞ்சினை உயிர்ப்பித்தான். பயத்தில் விசிறியையும் அப்போதே தட்டிவிட்டான். அவள் குளித்து, தலையில் ஈரத்துண்டோடு தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்தாள். எப்போது வண்டி எடுத்தாலும் அவள் கையால் சூடம் காட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் எடுப்பார்கள். தட்டை வலமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் "அய்யோ சாமி!" என்று கையை உதறினாள். தட்டு கீழே விழுந்து உருண்டது.

"என்ன புள்ள?"

"கையச் சுட்டுப்போட்டுது. நெருப்பு எம்பக்கமா பாயுதுங்க! அம்மன் வேண்டாங்குது, நான் இதுல ஏறமாட்டேன்."

"காத்தடிச்சிருக்கும்."

"எங்கீங்க காத்து? அடுப்புப் பொகையப் பாருங்க."

விறகுப் புகை கயிறு கட்டித் தொங்கவிட்டது போல நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.

"இத்தன வருசமாக் காட்டறேன்" என்று சௌந்திரம் அழுகையும் கோபமுமாகச் சொன்னாள். "எப்பவும் சூடத்த வண்டிதான் உள்ள இழுக்கும். அணைஞ்சு போயிருமேன்னு கையக் குடுத்து மறைச்சுக்கிட்டு நிப்பேன். இன்னிக்கு எம்மூஞ்சியில துப்புது!"

செங்கோட்டையன் அப்படியே நின்றான். வாய் மட்டும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது: உள்ள இழுக்கும்.

"இன்னொரு சூடம் ஏத்து" என்றான்.

"வேண்டாமுங்க..."

"ஏத்து புள்ள. தட்டைத் தள்ளிப் புடிச்சுக்க."

ஏற்றினாள். சுடர் அவள் பக்கமாகச் சாய்ந்தது. அவன் ஓடிப்போய் டாஷ்போர்டில் சுவிட்சை அணைத்தான். சுடர் ஒரு கணம் நிமிர்ந்து நின்று, பிறகு மெதுவாக வண்டியின் பக்கம் சாய்ந்தது. மறுபடி போட்டான். அவள் பக்கம். அணைத்தான். வண்டியின் பக்கம்.

"என்னங்க, வெளையாடறீங்களா?"

"ரெண்டும் சண்டை போட்டிருக்குது புள்ள!" என்று கத்தினான். "எஞ்சினுக்குப் பொறத்தால இருக்கற விசிறி காத்தை உள்ள இழுக்குது. முன்னால நான் வெச்சது வெளிய தள்ளுது. நடுவுல ரேடியேட்டரு மூச்சு முட்டிச் செத்திருக்குது. கம்ப்ரஸருன்னு நெனச்சு வெச்சுப் போட்டேன்! கையில சூடு அடிக்கோணும்னு பாத்தேன். காருக்கு முன்னால கை வெச்சா ஒண்ணுமே அடிக்கக் கூடாது!"

எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்த வேலுமணி பையோடு வந்து நின்றான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"நானும் கை வெச்சுப் பாத்தனுங்களேண்ணா! உடுதுன்னனே!"

"உட்டுது, உட்டுது. கெரில்லக் கழட்டு வா."

"ஒயரை மாத்திக் குடுத்தாத் திரும்பிச் சுத்துமுங்ணா, அஞ்சு நிமிசம்."

"ஒயரை மட்டும் மாத்துனாப் பத்தாது, றெக்கையையும் திருப்பி மாட்டோணும். இல்லாட்டி சுத்தும், காத்தை நல்லா இழுக்காது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் மண்ணில் உட்கார்ந்தார்கள். புதுச்சட்டை என்பதைச் செங்கோட்டையன் மறந்துவிட்டான். சௌந்திரம் போசிகளுக்கு நடுவில் கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். போன் அவள் மடியில்தான் இருந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிடுவதென்றால் இப்போதே கூப்பிட வேண்டும். எடுத்தாள், வைத்தாள். பிறகு எழுந்து வந்து, அவர்கள் கழற்றிப்போட்ட திருகுகளை மண்ணில் தொலையாமல் ஆரத்தித் தட்டில் பொறுக்கி வைத்தாள்.

மாட்டி முடித்ததும் யாரும் கேட்காமலே அவள் சூடம் ஏற்றி நீட்டினாள். சுவிட்சைத் தட்டினான். சுடர் படுத்து, வண்டியின் வாய்க்குள் ஓடி, அணைந்தே போயிற்று.

"ஏறுங்க" என்றாள். "நேரமாவுது."

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி வரும்போது வெயில் ஏறிவிட்டது. சோதனைச்சாவடி ஓரத்தில் வண்டிக்கு ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து, ஜீப்பிலேயே வருகிறோம் என்று சம்பந்திக்குப் போனில் சொன்னார்கள். பிறகு மலை. வளைவு ஒன்று, இரண்டு என்று பலகையில் எண் வரத் தொடங்கியது. பின்சீட்டில் போசிகளைக் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சௌந்திரம் ரோட்டைப் பார்க்கவே இல்லை. கணவனின் தோளுக்கு மேலாக அந்த முள்ளையே பார்த்தாள். பக்கத்தில் வேலுமணியும் அதையே பார்த்தான்.

"ரெண்டு பேரும் கண்ணை வெச்சே அதை ஏத்திப்போடுவீங்க போல" என்றான் செங்கோட்டையன்.

இழுவை சுகமாக இருந்தது. முன்பு முதல் கியரில் உறுமின வளைவுகளில் இரண்டாவது கியரில் போயிற்று. முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. விசிறியைத் தட்டினான். மூன்று பேரும் மூச்சை அடக்கினார்கள். முள் அங்கேயே நின்றது. இரண்டு வளைவு கழித்துப் பார்த்தபோது பாதிக்கே இறங்கியிருந்தது.

தையில் கொதித்து நின்ற அதே திருப்பத்தில், ஓரமாக ஒரு கார் நின்றிருந்தது. மாப்பிள்ளை கௌசிக் இரண்டு கையிலும் இரண்டு தண்ணீர்க் கேனோடு நின்றான். பக்கத்தில் சம்பந்தி சின்னுசாமி குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றாள் சௌந்திரம்.

நிறுத்தினான். எஞ்சின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தி கிட்ட வந்து பானட்டைப் பார்த்தார், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார், ஒழுகல் எதுவும் இல்லை.

"என்னுங்க சம்பந்தி, பொங்கல் எதுவும் இல்லீங்களா?"

செங்கோட்டையன் வாயைத் திறப்பதற்குள் சௌந்திரம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"இன்னிக்குக் கட்டுச்சோறு மட்டுந்தானுங்க, அண்ணா. ஏனுங்க மாப்ள, அந்தத் தண்ணிய ஏத்துங்க. நீங்கெல்லாம் சாப்புட்டுக் கை கழுவ ஆவும்."

சம்பந்தி ஒரு நிமிடம் விழித்தார். பிறகு குடை ஆட ஆட வாய்விட்டுச் சிரித்தார். "ஏத்துடா கௌசிக், ஏத்து. நம்ம வண்டிக்கும் சேத்து அவங்களே ஊத்துவாங்க."

சோறு நல்ல நேரத்துக்குள் இலைக்கு வந்தது. தனப்பிரியா தயிர்ச்சோற்றை மூன்று தரம் கேட்டு வாங்கினாள். சாயங்காலம் மலை இறங்கும்போது அப்பாவின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "என்னப்பா, வண்டி நெம்ப அமைதியா இருக்குது?" என்று மட்டும் கேட்டாள். "ம்" என்றான். சொல்ல எவ்வளவோ இருந்தது. வளைவுகளில் கவனமாக இருந்ததால் சொல்லவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் எஞ்சினை அணைக்கச் சாவிக்குக் கையைக் கொண்டுபோனான்.

"அணைக்காதீங்க, சித்தெ இருங்க" என்று சௌந்திரம் இறங்கி உள்ளே ஓடினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தட்டில் வெற்றிலை வைத்து, அதன்மேல் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தாள். மகள் வயிற்றைத் தாங்கியபடி இறங்கி, கிழக்கே பார்த்து நின்றாள். சௌந்திரம் அவளைத் தாண்டிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஏம்மா, ஆரத்தி எனக்கா, வண்டிக்கா?"

"சும்மா இரு கண்ணு. ஏனுங்க, அந்தச் சுவிட்சைத் தட்டுங்க."

தட்டினான். சுடர் படுத்தது, வண்டிக்குள் ஓடியது, அணைந்தது.

"அய்யோ, அணைஞ்சுபோச்சே" என்றாள் தனப்பிரியா பதறி.

"அணையோணும்" என்றாள் சௌந்திரம். முகமெல்லாம் சிரிப்பாக, மகள் பக்கம் வந்து, இன்னொரு சூடம் எடுத்து ஏற்றினாள். "இப்ப வண்டிய நிறுத்துங்க. இது அணையக் கூடாது."

அவன் சாவியைத் திருப்பினான். வாசல் அமைதியாயிற்று. சுடர் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.